முதல் லென்ஸ் வாங்கும் குமரி மாவட்டத்துக்காரருக்கு: கையிலுள்ள பணம், நாளைய கேமரா, உப்புக் காற்று

கேமராவோடு வந்த 18–55 லென்ஸ் (கிட் லென்ஸ்) போதவில்லை. கையில் பத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது. நான்கைந்து ஆண்டில் பெரிய கேமராவுக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி.

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் "எந்த லென்ஸ் நல்லது?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. அடுத்த கேமராவில் இது வேலை செய்யுமா? செய்யாவிட்டால் விற்கும்போது எவ்வளவு பணம் திரும்பும்? நம் மாவட்டத்தில் இன்னொன்றும் சேரும்: உப்புக் காற்றையும் இரண்டு மழைக்காலத்தையும் தாண்டி இது விற்கிற நிலையில் இருக்குமா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு படத்தின் தரத்தைப் பேசலாம்.

கீழே உள்ள விலைகள் தோராயமானவை. வாங்கும் வாரத்தில் இரண்டு இடங்களிலாவது விசாரியுங்கள்.

1. முதலில் மவுண்ட், பிறகு லென்ஸ்

லென்ஸ் கேமராவில் மாட்டும் வளையம்தான் மவுண்ட். உங்களுடையது எது, அதிலிருந்து எங்கே போக வழி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

கேனான் 1500டி, 3000டி, 200டி போன்ற டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்களுக்கு இஎஃப், இஎஃப்-எஸ் என்ற இருவகை லென்ஸும் பொருந்தும். கேனான் 2018இல் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கான ஆர்எஃப் என்ற புதிய மவுண்டுக்கு மாறிவிட்டது. உங்கள் அடுத்த கேமரா பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பழைய இருவகையும் கேனானின் அடாப்டர் (இடையில் மாட்டும் வளையம்) மூலம் ஆர்எஃப் கேமராவில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். அடாப்டர் விலை பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும். ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸுக்காக அதை வாங்கினால் லென்ஸ் விலையை இரண்டாம் முறை கொடுத்ததாக ஆகும். கையில் இரண்டு மூன்று நல்ல லென்ஸ் இருந்தால்தான் அடாப்டர் லாபம்.

நிக்கான் டிஎஸ்எல்ஆரில் கவனம் அதிகம் வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் ஏஎஃப்-டி வகையைச் சேர்ந்த பழைய 50 எஃப் 1.8 டி அவற்றில் மாட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஆகாது. கையால்தான் திருப்ப வேண்டும். விலை குறைவென்று அதை வாங்கி ஏமாறுவோர் நிறைய. ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். ஏஎஃப்-பி வகை புதிய கேமராக்களில் நன்றாக ஓடும். டி3100, டி5100, டி7000 போன்ற பழையவற்றில் ஃபோகஸ் செய்யாது. நாளை இசட் மவுண்டுக்குப் போனால் எஃப்டிஇசட் அடாப்டர் தேவை. அது இருபதாயிரத்தைச் சுற்றி. அந்த அடாப்டரிலும் மோட்டார் இல்லாததால் ஏஎஃப்-டி லென்ஸ் அங்கேயும் கையால் திருப்பும் லென்ஸ்தான்.

சோனி இ மவுண்ட் வைத்திருந்தால் பாதை நேரானது. சிறிய சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) கேமராவும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவும் ஒரே மவுண்ட், அடாப்டர் செலவு இல்லை. ஆனால் லென்ஸின் விலை தொடக்கத்திலேயே கூடுதல்.

கேனான் எம்50 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் இஎஃப்-எம் மவுண்டுக்கு அடுத்த கேமரா வரப்போவதில்லை. அந்த லென்ஸ்களை ஆர்எஃப் கேமராவில் மாட்ட கேனானிடம் அடாப்டரும் இல்லை. புதிதாக இஎஃப்-எம் லென்ஸ் வாங்காதீர்கள். டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸை அதற்குரிய அடாப்டரோடு பயன்படுத்தினால், அந்த லென்ஸாவது உங்களோடு அடுத்த கேமராவுக்கு வரும்.

"நாளைக்கு எப்படியும் மிரர்லெஸ்தானே, அந்த லென்ஸை இப்போதே வாங்கி டிஎஸ்எல்ஆரில் போட்டுக்கொள்ளலாம்" என்ற யோசனை நடக்காது. மவுண்டுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் இஎஃப்பில் 44 மி.மீ., ஆர்எஃப்பில் 20 மி.மீ. நீளமான இடைவெளிக்குச் செய்த லென்ஸைக் குறைந்த இடைவெளிக் கேமராவில் வளையம் போட்டு நிறுத்தலாம். குறைந்த இடைவெளிக்குச் செய்ததை நீளமானதில் உள்ளே தள்ள இடமில்லை. நிக்கானிலும் இதே கதை: எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., இசட்டில் 16 மி.மீ.

2. உங்களுக்கு எந்தத் தூரம் தேவை என்று அளந்து பாருங்கள்

கிட் லென்ஸிலேயே இரண்டு வாரம் வழக்கம்போல எடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் கணினியில் திறந்து, எந்த மி.மீ.யில் எடுத்தது என்று குறித்து வாருங்கள். பெரும்பகுதி 18இல் குவிந்தால் உங்களுக்கு அகலக் கோணம் வேண்டும். 55இல் முட்டி நின்றால் தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி. நடுவில் 24–35க்குள் சுற்றினால், அல்லது எங்கும் பரவியிருந்து படங்கள் இருட்டாகவோ அசைந்து மங்கியோ இருந்தால், உங்கள் பிரச்சினை தூரமல்ல, வெளிச்சம். அதற்கு எஃப் 1.8 போன்ற வாய் அகன்ற (எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம்), ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்.

கன்னியாகுமரியில் எல்லோரும் எடுக்கும் படத்தையே கணக்காகப் போடுவோம். திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, அதாவது சுமார் 40.5 மீட்டர். கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தூரம் என்று வைத்தால், 55 மி.மீ. லென்ஸில் சிலை சென்சாரில் நாலரை மி.மீ. உயரத்துக்குத்தான் விழும். சென்சாரின் உயரமே 15 மி.மீ.தான், ஆக, படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 250 மி.மீ. என்றால் 20 மி.மீ.க்கு வரும், கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் சட்டம் நிறையும். இதே சிலையை 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தின் மறுமுனையான விவேகானந்தர் பாறையிலிருந்து எடுத்தால் 30 மி.மீ. போதும், உங்கள் கிட் லென்ஸே தாராளம். படகுக் கட்டணம் எந்த டெலி லென்ஸையும் விட மலிவு. நிற்கும் இடத்தை மாற்றித் தீருகிற குறைக்கு லென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

சூரியனுக்கும் ஒரு கணக்கு உண்டு. சென்சாரில் விழும் சூரிய வட்டத்தின் அளவு, மி.மீ.யை ஏறக்குறைய 110ஆல் வகுத்தால் கிடைக்கும். 55இல் அரை மி.மீ., 250இல் 2.3 மி.மீ. கடலிலிருந்து எழும் பெரிய சூரியன் கேட்பவர்களுக்கு டெலி தவிர வேறு வழியில்லை. ஆனால் டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் துளை (வியூஃபைண்டர்) வழியாக டெலியில் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். திரையில் பார்த்து எடுங்கள், வட்டம் அடிவானத்தை விட்டு எழுந்து கண் கூசத் தொடங்கியதும் லென்ஸைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் எடுப்பவர்கள் அகலத்தைக் கணக்கிட வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால், கேனானின் சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் 1.3 மீட்டர் அகலத்தைத்தான் பிடிக்கும், இரண்டு பேர். 24 மி.மீ. லென்ஸ் 2.8 மீட்டர் பிடிக்கும், ஒரு குடும்பம். "50 வாங்கு, அதுதான் முதல் லென்ஸ்" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சின்ன அறையில் பிறந்தநாள் எடுக்க வாங்கிவிட்டு, முதுகு சுவரில் இடிக்கும்போதுதான் தெரியும்.

தேரூர், சுசீந்திரம் குளத்துப் பறவைகளுக்கு 250 போதாது, 400 மி.மீ.க்கு மேல் வேண்டும். சிக்மாவின் 150–600 போன்றது ஏறக்குறைய இரண்டு கிலோ எடை, விலையும் இந்த வரவுசெலவில் அடங்காது. பறவைதான் உங்கள் ஆசை என்றால் அரைகுறை டெலியில் பணத்தைப் போடாதீர்கள். இப்போதைக்கு ஒரு பைனாகுலர் வாங்கிப் பறவையைப் பழகுங்கள், எடுக்க வேண்டிய நாளுக்கு லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.

3. சிறிய சென்சாருக்கான லென்ஸா, ஃபுல் ஃப்ரேம் லென்ஸா?

மேம்படுத்தும் எண்ணத்தோடு வாங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கப் போகிறேன் என்று முடிவு செய்து, எல்லா லென்ஸையும் ஃபுல் ஃப்ரேமுக்கே வாங்குவார்கள். 24–70 லென்ஸைப் படத்தின் ஓரங்களை 1.6 மடங்கு வெட்டும் சிறிய சென்சார் கேமராவில் மாட்டினால் அது 38–112 போல நடக்கும். அகலமே இருக்காது. இன்னும் வாங்காத கேமராவுக்காக நான்கு ஆண்டு கூட்டப் படம் எடுக்க முடியாமல் இருப்பது என்ன நியாயம்?

நான் சொல்லும் விதி இது: அகலக் கோண லென்ஸை இன்றைய கேமராவுக்கு வாங்குங்கள், 50ஐயும் அதற்கு மேற்பட்டதையும் நாளைய கேமராவையும் நினைத்து வாங்குங்கள். கேனான் இஎஃப்-எஸ் 10–18, 24 எஃப் 2.8 போன்றவை சிறியவை, எடை குறைந்தவை, விலையும் கட்டுப்படும். அதே அகலத்தை ஃபுல் ஃப்ரேம் லென்ஸில் தேடினால் விலை பல மடங்கு. மாறாக 50 எஃப் 1.8, 85 எஃப் 1.8 இரண்டும் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்களே. இன்று முகப்படத்துக்கு உதவும், நாளையும் கூடவே வரும்.

கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ் 6டி, 5டி போன்ற ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. செகண்ட் ஹேண்ட் 6டி வாங்கும் திட்டம் இருந்தால் இதை மறக்காதீர்கள். ஆர்எஃப் ஃபுல் ஃப்ரேமில் அடாப்டரோடு மாட்டும், ஆனால் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் கேமரா 9 மெகாபிக்சல் சொச்சமாகச் சுருங்கும். நிக்கானின் டிஎக்ஸ் லென்ஸும் அப்படியே, அங்கே 24 என்பது 10 சொச்சம். மாறும் காலத்தில் சமாளிக்கலாம், நிரந்தரமாக அல்ல.

4. இந்தப் பணத்தில் எவை?

கேனான் டிஎஸ்எல்ஆருக்கு 50 எஃப் 1.8 எஸ்டிஎம். புதிதாகப் பத்தாயிரத்தைச் சுற்றி, 160 கிராம், ஃபில்டர் அளவு 49. இதற்கு முந்தைய இரண்டாம் பதிப்பும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அதன் மவுண்ட் பிளாஸ்டிக், ஃபோகஸ் சத்தம் அதிகம், வீடியோவுக்கு உதவாது. விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் எஸ்டிஎம்மையே எடுங்கள். வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு 24 எஃப் 2.8 எஸ்டிஎம், 16 செ.மீ. வரை கிட்டப் போகலாம் என்பதால் சாப்பாடு, நகை, பூ எல்லாவற்றுக்கும் உதவும். டெலிக்கு இஎஃப்-எஸ் 55–250 ஐஎஸ் எஸ்டிஎம். 375 கிராம்தான், அசைவுக் கட்டுப்பாடு உள்ளே உண்டு.

நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப் 1.8 ஜி. வீட்டுக்கும் தெருவுக்கும் இதற்கு ஈடான மலிவு லென்ஸ் அந்தப் பக்கம் இல்லை. ஃபுல் ஃப்ரேமுக்குப் போவது உறுதி என்றால் 50 எஃப் 1.8 ஜி.

சோனி இ மவுண்டுக்குச் சிக்மா 30 எஃப் 1.4 செகண்ட் ஹேண்டில் பாருங்கள். இது சிறிய சென்சாருக்கான லென்ஸ். ஆனாலும் கேட்பவர்கள் அதிகம் என்பதால் விற்பது எளிது. ஆர்எஃப் கேமராவுக்கு ஆர்எஃப் 50 எஃப் 1.8. ஆர்50, ஆர்100 கேமராக்களில் சென்சார் அசைவுக் கட்டுப்பாடு இல்லை, இந்த லென்ஸிலும் இல்லை. நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர்கள் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

எஃப் 1.8 ஏன் இத்தனை முக்கியம்? கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6தான் திறக்கும். 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். தேவாலயத் திருமணத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 வைத்துப் புள்ளிபுள்ளியாக வந்த படம் 640இல் வரும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரக் கூடங்களும் அப்படித்தான். ஜன்னல் வெளிச்சம் மட்டுமே. அங்கே கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. சுசீந்திரம் கோவிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை, அதை நினைத்து லென்ஸ் வாங்க வேண்டாம்.

5. லென்ஸ் விலை முழுச் செலவல்ல

15,000 ரூபாய் இருக்கிறது என்றால் 15,000க்கு லென்ஸ் வாங்காதீர்கள். ஒரு மாதிரிக் கணக்கு: லென்ஸ் 10,500, கேனானில் ஹூட் (முன்கண்ணாடிக்கு நிழல் தரும் வளையம்) தனியாக வாங்க வேண்டும் என்பதால் 400, யுவி ஃபில்டர் 1,000, காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மானியும் 1,000, ஊதுபந்தும் மைக்ரோஃபைபர் துணியும் 500. மொத்தம் 13,400. நிக்கானின் மேலே சொன்ன இரண்டு லென்ஸிலும் ஹூட் பெட்டியிலேயே வரும்.

யுவி ஃபில்டர் தேவையா என்ற வாதம் எங்கும் உண்டு. முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் எடுப்பவர்களுக்கு வாதமே இல்லை, தேவை. உப்புத் திவலை முன் கண்ணாடியில் உலர்ந்தபின் துடைத்தால் கீறும். உதயமோ அஸ்தமனமோ நேராக எடுக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். மலிவு ஃபில்டர் சூரியனைப் பச்சைப் புள்ளியாகப் பிரதிபலிக்கும்.

திற்பரப்பு அருவியைப் பட்டுபோல் எடுக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்குகிறவர்கள் இன்றைய 49க்கோ 58க்கோ வாங்காமல் 67க்கு வாங்குங்கள். சிறிய லென்ஸுக்குச் சில நூறு ரூபாயில் வளையம் கிடைக்கும். 10–18 லென்ஸ் 67தான். நாளை வரும் லென்ஸ்களிலும் அது பொதுவான அளவு.

6. எங்கே, எப்போது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் எல்லா லென்ஸும் அலமாரியில் இருக்காது. சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். அப்போது முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: எத்தனை நாளில் வரும், வந்ததைச் சோதித்துப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களா? மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம், கிழக்கில் இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி. ஆவணியில் கேரளத்து ஓணத் தள்ளுபடி, பிறகு ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை. அவசரம் இல்லையென்றால் இந்த இரண்டுக்கும் காத்திருக்கலாம்.

வாடகைக்கு எடுத்துப் பார்க்க ஆடி, மார்கழி, கிறிஸ்தவர்களின் தவக்காலம் நல்ல நேரம். திருமணம் குறைவதால் ஸ்டுடியோக்காரர்களின் லென்ஸ் சும்மா இருக்கும், பேரத்துக்கும் இடமிருக்கும். ஐயாயிரத்துக்கு மேல் எதை வாங்கினாலும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நட்டமல்ல.

தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் புது லென்ஸ் வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்பு கையில் இருக்க வேண்டும். கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு பெரும்பாலும் சில நாள்தான், குறை தெரிவதற்கு அதற்குள் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தவணையில் வாங்குவோருக்கு: வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும், வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் விழும். மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்பதையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

7. பில் இல்லாத லென்ஸ் பாதி லென்ஸ்

பில் உங்கள் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு, லென்ஸின் சீரியல் எண்ணோடு இருக்க வேண்டும். பல கடைகளில் "லென்ஸ் – 1" என்று மட்டும் எழுதித் தருவார்கள். "அண்ணே, சீரியல் நம்பரையும் பில்லுல போட்டுத் தாங்க" என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள். பில்லில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், லென்ஸில் பொறித்த எண் மூன்றும் ஒன்றா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் பாருங்கள். உத்தரவாத அட்டையில் முத்திரையும் தேதியும் விழுந்திருக்க வேண்டும். பில்லைப் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். வெப்ப அச்சில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும்.

பில் இல்லாமல் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம். உத்தரவாதம் கேட்கும்போதும், திருட்டுப் போனால் புகார் கொடுக்கும்போதும், நான்கு ஆண்டு கழித்து விற்கும்போதும் அந்தக் காகிதம்தான் பேசும்.

இணையத்தில் வாங்கினால், பொட்டலத்தின் முகவரிச் சீட்டிலிருந்து லென்ஸை வெளியே எடுக்கும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வெட்டி ஒட்டியதை ஏற்கமாட்டார்கள்.

வளைகுடாவில் இருக்கும் மச்சான், மாமா வழியாக வாங்குவது நம் ஊரில் சாதாரணம். அங்கே விலை குறைவாக இருக்கலாம். ஆனால் அந்த உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்குவதற்கு முன்பே பாருங்கள். பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு, பயணத் தேதியில் நடப்பில் உள்ளது எதுவோ அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பில்லைக் கைப்பையில் வைத்திருக்கட்டும்.

8. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

முதல் லென்ஸைச் செகண்ட் ஹேண்டாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். 10,500க்குப் புதிதாக வாங்கி மூன்று ஆண்டு கழித்து 6,000க்கு விற்றால் ஆண்டுக்கு 1,500 செலவு. அதையே 6,500க்கு வாங்கி 5,000க்கு விற்றால் ஆண்டுக்கு 500. மீதிப் பணம் நாளைய கேமராவுக்கு. ஆனால் கடலோர ஊரில் பழைய லென்ஸ் பார்த்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். பகலில், உங்கள் கேமராவையும் சார்ஜ் உள்ள பேட்டரியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் பங்கஸ் (பூஞ்சை). இரு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். பிறகு மாற்றிப் பிடித்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பங்கஸ். முழுக்க மங்கலாகப் புகை படிந்ததுபோல் இருந்தால் மூட்டம். "சர்வீஸ் பண்ணா போயிரும்" என்பார்கள். கண்ணாடிப் பூச்சைப் பங்கஸ் அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. விலை குறைந்த 50 மி.மீ.யைத் திறந்து சுத்தம் செய்யும் கூலிக்கு அப்படியே இன்னொன்று வாங்கிவிடலாம். பங்கஸ் என்றால் பேரமே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்து உப்பு. மவுண்ட் வளையம், தங்க நிறத் தொடுமுனைகள், சிறு திருகாணிகள், ஃபில்டர் மரை ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருந்தால் கடல் நீர் பட்ட லென்ஸ். திருகாணித் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஃபோகஸ், ஜூம் வளையங்களைக் காதருகே வைத்து மெல்லத் திருப்புங்கள். நறநறவென்றால் உள்ளே மணல்.

பிறகு கேமராவில் மாட்டுங்கள். மிகத் திறந்த அளவிலும் எஃப் 8இலும் ஒவ்வொரு படம் எடுத்து வெளிச்சம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். லென்ஸின் வாயைச் சுருக்கும் திரைத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தால் எஃப் 8 படம் வெளுத்து வரும், அல்லது பிழைச் செய்தி காட்டும். ஓட்டுச் சுவரையோ செங்கல் சுவரையோ நேராக நின்று எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கீழே விழுந்த லென்ஸ். அசைவுக் கட்டுப்பாடு உள்ளதென்றால் நொடியில் 15இல் ஒரு பங்கு வேகத்தில் கையில் பிடித்து, அதை இயக்கியும் நிறுத்தியும் எடுத்து ஒப்பிடுங்கள்.

எஃப் 1.8 லென்ஸை டிஎஸ்எல்ஆரில் சோதிக்கும்போது இன்னொன்று. அளவுகோலைச் சாய்வாக வைத்து 15ஆம் கோட்டில் ஃபோகஸ் செய்து எடுங்கள். கூர்மை 14இலோ 16இலோ விழுந்தால் லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகவில்லை. விலை உயர்ந்த கேமராக்களில் இதைத் திருத்தும் வசதி உண்டு. 1500டி, டி3500 போன்றவற்றில் இல்லை. அந்த லென்ஸ் இன்னொருவருக்குச் சரியாக இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

பணத்தை யுபிஐயில் கொடுங்கள், தடயம் இருக்கும். பழைய பில்லின் நகலும், விற்பவர் பெயர், சீரியல் எண், தொகை, தேதி எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

9. விற்கிற நிலையில் காப்பாற்றுவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் ஈரமில்லாத மாதங்கள் நமக்குக் குறைவு. லென்ஸ் இருக்கும் பெட்டியில் ஈரப்பதம் 40–50 சதவீதம் இருக்கட்டும். அறுபதைத் தாண்டி நீடித்தால் பங்கஸ் பிடிக்கத் தொடங்கும். முப்பதுக்குக் கீழே போனால் ரப்பருக்கும் மசகுக்கும் நல்லதல்ல. ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், சிறு ஈரப்பத மானி போதும். மின்சார உலர் பெட்டியை இரண்டு மூன்று லென்ஸ் சேர்ந்தபின் யோசிக்கலாம். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். அரிசியில் போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். மாவுத்தூசிதான் உள்ளே போகும். தோல் பை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைப் பக்கமும் அப்படியே. அங்கே காற்று மணலோடு வரும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் லென்ஸின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்தபின் பெட்டியில் வையுங்கள். ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே இறங்கும்போது லென்ஸைப் பைக்குள்ளேயே 20–30 நிமிடம் விட்டுவிடுங்கள். உடனே எடுத்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறையாவது எடுத்து ஜூம், ஃபோகஸ் வளையங்களைத் திருப்பி டார்ச் அடித்துப் பாருங்கள்.

10. மாறும் நாளில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது

புதிய கேமரா வந்த அன்றே எல்லாவற்றையும் விற்காதீர்கள். பழைய கேமராவையும் கிட் லென்ஸையும் ஒரே தொகுப்பாக விற்றால், புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் வாங்குவார்கள். தனித்தனியே கிட் லென்ஸுக்கு மதிப்பே இல்லை. சிறிய சென்சாருக்கான அகல லென்ஸையும் கூடவே சேர்த்து விற்க முயலுங்கள். 50, 85, டெலி ஆகியவற்றை அடாப்டரோடு ஓராண்டு வைத்துக்கொண்டு, எதை அதிகம் மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். அதிகம் மாட்டுவதை முதலில் புதிய மவுண்டுக்கு மாற்றுங்கள். கடைசி லென்ஸை விற்கும்போது அடாப்டரையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

விற்பனைப் படத்தில் லென்ஸின் முன், பின் கண்ணாடி, மவுண்ட், டார்ச் அடித்த தோற்றம், பில் எல்லாம் இருக்கட்டும். பில்லில் உள்ள உங்கள் முகவரியையும் கைபேசி எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். சீரியல் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தையும் மறைத்து, நேரில் வருபவருக்கு மட்டும் முழுவதையும் காட்டுங்கள்.